ஜெயந்திக்குக் குரல் கொடுத்தது யார்?

மலையில் பேய் உண்டா என்று போன வாரம் ஒரு வாசகர் கேட்டு எழுதியிருந்தார். நான் ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தவள். பேயைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? ஒரு வகுப்பறையைப் பற்றிச் சொல்கிறேன். அவரே முடிவு செய்துகொள்ளட்டும்.

முதல் பாடவேளை

குன்னூருக்கு மேலே இருந்த எங்கள் பள்ளியில் கார்த்திகை மாதம் வந்துவிட்டால் காலை பத்து மணிக்கே வகுப்பில் விளக்குப் போட வேண்டும். மின்சாரம் இருந்தால். ஜன்னலை எவ்வளவு இறுக்கிச் சாத்தினாலும் மூடுபனி எப்படியோ உள்ளே வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொள்ளும். சாக்பீஸ் நமுத்துப்போய் எழுதாது. பிள்ளைகளின் ஸ்வெட்டரிலிருந்து விறகுப் புகையும் ஈரக் கம்பளியும் சேர்ந்த ஒரு வாசனை வரும். இன்றைக்கும் எங்காவது ஈரக் கம்பளி வாசனை வந்தால் என் கை தானாக வருகைப் பதிவேட்டைத் தேடுகிறது.

அப்படி ஒரு திங்கட்கிழமை. பத்தாம் வகுப்பு. நான் தலையைக் குனிந்தபடியே பெயர் வாசித்துக்கொண்டிருந்தேன். இது என் கெட்ட பழக்கம். முகத்தைப் பார்க்க மாட்டேன், காதை மட்டும் கொடுத்திருப்பேன்.

"இந்திராணி."

"பிரசன்ட் டீச்சர்."

"ஜெயந்தி."

"இருக்கா."

டிக் போட்டுவிட்டு, "கலா" என்றேன். கலா பதில் சொல்வதற்குள் என் பேனா நின்றுவிட்டது.

என் வகுப்பில் யாரும் 'இருக்கா' என்று சொல்வதில்லை. 'பிரசன்ட் டீச்சர்'தான். அது போகட்டும். ஜெயந்தியின் குடும்பம் நாலு நாள் முன்பு, வியாழக்கிழமை, சட்டி பானையோடு லாரியில் ஏறித் திருப்பூருக்குப் போய்விட்டது. லாரியை நானே பஸ் ஸ்டாப்பில் நின்று பார்த்தேன்.

நிமிர்ந்தேன். ஜெயந்தியின் இடம் காலியாகத்தான் இருந்தது. அந்த வரிசைப் பெண்கள் ஐந்து பேரும் டெஸ்க்கையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. குறும்பு செய்த பிள்ளைகளின் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? இது அந்த முகம் இல்லை.

"யாரு சொன்னது?"

வந்த குரலை நினைத்துப் பார்த்தேன். கரகரவென்று, வெற்றிலை போட்ட தொண்டையிலிருந்து வந்த மாதிரி இருந்தது. பதினைந்து வயசுப் பிள்ளையின் குரலாகவே இல்லை. பனிக்குத் தொண்டை கட்டியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, போட்ட டிக்கை அடிக்காமல் அடுத்த பெயருக்குப் போனேன். ஏன் அடிக்கவில்லை என்று கேட்டால் அன்றைக்கும் தெரியாது, இன்றைக்கும் தெரியாது.

குதிரை எங்கே?

நான் காங்கேயம் பக்கத்துக்காரி. எனக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தவர் ஒரு கைடைக் கையில் வைத்துக்கொண்டு வாசிப்பார். நாங்கள் கத்துவோம். அர்த்தம் கேட்டால் முட்டி மேல் ஸ்கேல் விழும். அப்படிப் படித்து, எப்படியோ தேறி, நானே ஆங்கில ஆசிரியை ஆனது ஊருக்கே ஆச்சரியம்.

மலைக்கு வந்த முதல் வருஷம் நானும் அதே கைடைத்தான் வைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் 'பிரவுட்' என்ற சொல்லை வைத்து வாக்கியம் எழுதச் சொன்னேன். ஒரு பெண், 'நான் என் குதிரையைப் பற்றிப் பெருமைப்படுகிறேன்' என்று எழுதியிருந்தாள்.

"குதிரை எங்கம்மா இருக்கு?"

"கைடுலங்க டீச்சர்."

அன்றோடு கைடை மூட்டை கட்டினேன். புதிய சட்டம் போட்டேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கரும்பலகையில் பத்துச் சொல் எழுதுவேன். ஒவ்வொன்றையும் வைத்து ஒரு வாக்கியம். உன் வீட்டில், உன் வழியில், நீ கண்ணால் பார்த்தது அல்லது காதால் கேட்டது மட்டும். பிழை இருந்தால் திருத்துவேன். பொய் இருந்தால் முழுசாக அடித்துவிடுவேன். திங்கட்கிழமை காலையில் நோட்டுகள் என் மேஜையில் அடுக்கியிருக்க வேண்டும்.

இந்தச் சட்டத்தில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. 'உண்மை வாக்கியம்' என்று பெயர் வைத்திருந்தேன். பிள்ளைகள் என் முதுகுக்குப் பின்னால் என்னையே 'உண்மை டீச்சர்' என்று கூப்பிட்டார்கள். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

பிள்ளைகள் இலக்கணத்தைப் பிடித்துக்கொண்ட வேகத்தைப் பார்த்து எனக்கே வாயடைத்துப்போனது. 'ஆல்தோ' என்ற சொல்லைப் புரியவைக்க நான் தலைகீழாக நின்றிருக்கிறேன். ஒரு பிள்ளை எழுதினாள்: 'ஃபேக்டரி மூடிவிட்டாலும், அப்பா தினமும் அங்கே போய் உட்கார்ந்துவிட்டு வருகிறார்.' இதற்கு மேல் 'ஆல்தோ'வை யார் விளக்க முடியும்?

லாரி போன வியாழன்

பச்சைத் தேயிலைக்கு விலை விழுந்திருந்த காலம் அது. கொழுந்து பறித்த கூலிக்குக்கூடக் கட்டவில்லை என்று ஆளாளுக்குத் தோட்டத்தை அப்படியே விட்டார்கள். இடுப்பளவுக்கு வெட்டிவிட வேண்டிய செடிகள் மரமாக வளர்ந்தன. பள்ளிக்கு மேலே இருந்த எஸ்டேட்டின் ஃபேக்டரி ஐப்பசியில் நின்றது. அதுவரை காற்றில் எப்போதும் இருந்த வறுத்த தேயிலை வாசனை ஒரே வாரத்தில் போய்விட்டது. மூக்கே மூளியான மாதிரி இருந்தது.

லயங்கள் என்னும் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளிலிருந்து குடும்பம் குடும்பமாகத் திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் இறங்கினார்கள். அங்கே பனியன் கம்பெனிகளில் வேலை இருந்தது. என் வகுப்பில் பாதி பெஞ்சுகள் காலியாயின.

ஜெயந்தி சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பத்துப் பிள்ளை. அப்பா இல்லை. அம்மா பாக்கியம் கொழுந்து பறிப்பவர். அந்தக் குடும்பத்தில் பத்தாம் வகுப்பு வரை வந்த முதல் ஆள் அவள்தான். ஒல்லியாக, நெற்றியில் விபூதிக் கீற்றோடு, யாராவது தப்பாக வாசித்தால் உதட்டைக் கடித்துக்கொள்கிற பெண். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுத வேண்டும்.

லாரி ஏறுவதற்கு இரண்டு நாள் முன்பு பாக்கியம் என்னைப் பார்க்க வந்தார்.

"டீச்சர், பிள்ள பரிச்ச எழுதிருமா?"

"டி.சி. வாங்கிட்டுப் போய் அங்க ஒரு ஸ்கூல்ல சேர்த்துடுங்க பாக்கியம்."

"வருஷம் பாதியில யாருங்க சேத்துக்குவாங்க?"

வாத்தியார்களுக்குப் பதில் தெரியாதபோது செய்வதையே செய்தேன். "பார்க்கலாம்" என்றேன். அவர் டி.சி. வாங்க வரவே இல்லை. லாரி போனதைப் பார்த்ததும், அவ்வளவுதான், ஒரு பிள்ளையின் படிப்பு முடிந்தது என்று நினைத்தேன். அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

தலைமையாசிரியர் சாதுவான மனிதர். விதிமுறையைத் தவிர எதற்கும் பயப்பட மாட்டார். "வராத பிள்ளைங்க பேரை நீக்கிடுங்கம்மா. பரீட்சைக்குப் பேர் அனுப்பியாச்சுன்னாலும், வருகை இல்லாம ஹால் டிக்கெட் குடுக்க முடியாது" என்றார். சிவப்பு மையால் ஒரு கோடு. அவ்வளவுதான் வேலை. அதைத் திங்கட்கிழமை செய்யலாம் என்று வைத்திருந்தேன். திங்கட்கிழமைதான் 'இருக்கா' என்று குரல் வந்தது.

நீல அட்டை

அன்றைக்கே மத்தியானம் நோட்டு திருத்த உட்கார்ந்தேன். அடுக்கின் நடுவில் நீலத்தாள் அட்டை போட்ட நோட்டு. ஜெயந்தியுடையது.

பழைய நோட்டு, திருப்பித் தராமல் விட்டது என்றுதான் திறந்தேன். வெள்ளிக்கிழமை நான் எழுதிப் போட்ட பத்துச் சொல்லுக்கும் வாக்கியம் இருந்தது. வெள்ளிக்கிழமை அவள் பள்ளிக்கு வரவில்லை. கையெழுத்து அவளுடையதுதான். 'ஒய்' எழுத்தின் வாலைச் சுழித்து மேலே இழுக்கும் பழக்கம் அந்த வகுப்பில் வேறு யாருக்கும் கிடையாது.

ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் தருகிறேன்.

எம்ப்டி என்ற சொல்லுக்கு: எங்கள் லயத்தில் பன்னிரண்டு வீடு. பன்னிரண்டும் காலி.

நெய்பர் என்ற சொல்லுக்கு: பக்கத்து வீட்டில் யாரும் இல்லை.

லிசன் என்ற சொல்லுக்கு: பக்கத்து வீட்டில் பாத்திரம் கழுவுகிறார்கள். நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இதில் எந்த வாக்கியத்தை அடிப்பது? இலக்கணத்தில் ஒரு பிழை இல்லை. பொய் என்று அடிக்கலாம். ஆனால் ஜெயந்தி பொய் எழுதமாட்டாள். அது எனக்கு நிச்சயம்.

அடுத்த திங்கட்கிழமையும் நோட்டு வந்தது. அதற்கடுத்த வாரமும் வந்தது. இதற்கிடையில் தினமும் காலையில் "ஜெயந்தி" என்றால் "இருக்கா" என்று யாரோ சொன்னார்கள். இப்போது அது பிள்ளைகளின் குரல்தான். ஒரு நாள் இந்த மூலையிலிருந்து, ஒரு நாள் அந்த மூலையிலிருந்து. நான் தலை நிமிராமல் டிக் போட்டேன். சிவப்பு மை பேனா மேஜையில் அப்படியே கிடந்தது. இன்னொன்றையும் கவனித்தேன். என் சாக்பீஸ் பெட்டியில் உடைந்த துண்டுகள் குறைந்துகொண்டே வந்தன.

தவமணி என்று ஒரு பெண். ஜெயந்தியின் உயிர்த்தோழி, கீழ் லயத்துக்காரி. அவளைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"நோட்டை யார் வைக்கறது?"

"தெரியலைங்க டீச்சர்."

"சாக்பீஸை யார் எடுக்கறது?"

"தெரியலைங்க டீச்சர்."

இரண்டாவது 'தெரியலைங்க'வுக்குள் அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. போ என்று அனுப்பிவிட்டேன்.

மூன்று நாள் கணக்கு

எஸ்டேட்டைக் காவல் காக்க ஒரு வாச்சர் இருந்தார். போஜன் என்று பெயர், படுகர். பள்ளி வாசல் டீக்கடையில் பிடித்தேன். ஜெயந்தி இருந்த மேல் லயத்தில் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டேன்.

அவர் டீயைக் கீழே வைத்தார். "அதத்தான் டீச்சர் எனக்கும் புரியல."

எஸ்டேட்டில் ஒரு நடைமுறை உண்டாம். தினமும் காலையில் வாச்சர் லயத்தைச் சுற்றி வர வேண்டும். எந்த வாசலில் கோலம் இருக்கிறதோ அது ஆள் இருக்கும் வீடு. மூன்று நாள் சேர்ந்தாற்போல வாசல் வெறுமையாக இருந்தால், வீட்டை விட்டுவிட்டார்கள் என்று அர்த்தம். கதவைக் கழற்றி, கூரைத் தகரத்தைப் பிரித்துவிடுவார்கள். வேற்றாள் வந்து குடியேறிவிடக் கூடாது என்று.

"எல்லாரும் லாரி ஏறிப் போனத நானே பார்த்தேன். கடைசியா மாரியாயியும் போயாச்சு. மகன் வந்து கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனான். ஆனா காலையில போனா பன்னெண்டு வாசல்லயும் கோலம். கதவு எல்லாம் பூட்டிருக்கு. புகை இல்ல, பேச்சு இல்ல. நான் அந்தப் பக்கம் இப்ப நிக்கறதில்ல. தூரத்துல இருந்து பார்த்து எழுதிட்டு வந்துடறேன்."

"மாரியாயி யாரு?"

"பாக்கியத்துக்குப் பக்கத்துக் காம்பிரா. பெரட்டுல எல்லாருக்கும் குரல் குடுக்குமே, அந்தம்மா."

காம்பிரா என்பது லயத்து அறை. பெரட்டு என்பது காலையில் மேஸ்திரி பெயர் வாசிக்கும் களம். அங்கே பெயருக்குக் குரல் வரவில்லை என்றால் அன்றைக்கு வேலை கிடையாது. பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டு ஓடி வருகிறவளுக்கு இரண்டு நிமிடம் தாமதமாகும். அப்போது களத்தில் நிற்கிற யாராவது அவளுக்காக 'இருக்கா' என்பார்கள். மேஸ்திரிக்கும் தெரியும். நிமிராமல் எழுதிக்கொண்டு போவார். வந்து சேருவாள் என்பது அந்தக் குரலுக்கு அர்த்தம். மேல் லயத்தில் அப்படிக் குரல் கொடுக்கிறவர் எப்போதும் மாரியாயிதான் என்று போஜன் சொன்னார்.

எனக்கு டீ கசந்தது.

பன்னிரண்டு வாசல்

சனிக்கிழமை மத்தியானம் போனேன். தனியாகத்தான். வெட்டாமல் விட்ட தேயிலைச் செடிகள் தலைக்கு மேலே வளர்ந்து, பாதை சந்து மாதிரி ஆகியிருந்தது. பனிச்சொட்டு இலையிலிருந்து இலைக்கு விழும் சத்தம் யாரோ பின்னால் வருவதுபோலவே இருந்தது. இரண்டு தடவை திரும்பிப் பார்த்தேன். ஆமாம், பயந்தேன். அதில் மறைக்க என்ன இருக்கிறது?

லயம் பனிக்குள்ளிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. நீளமான ஒரே கட்டடம், பன்னிரண்டு கதவு, பதினொரு பூட்டு. ஒவ்வொரு வாசலிலும் தண்ணீர் தெளித்துப் போட்ட கோலம். குனிந்து தொட்டேன். கோலமாவு இல்லை, சாக்பீஸ். என் சாக்பீஸ்.

எட்டாவது கதவில் மட்டும் பூட்டு இல்லை. "டீச்சர்" என்று உள்ளேயிருந்து ஜெயந்தி வந்தாள்.

ஓங்கி ஒரு அறை விடலாமா, கட்டிப் பிடித்துக்கொள்ளலாமா என்று தெரியவில்லை. இரண்டும் செய்யாமல் வாசற்படியில் உட்கார்ந்தேன். அவள் கைகளைப் பார்த்தேன். நகக்கண்ணில் செம்மண். விரல்கள் தண்ணீரில் ஊறி வெளுத்திருந்தன.

"கேரட் காட்டுக்குப் போறேன் டீச்சர். புடுங்கிக் கழுவற வேல. சோத்துக்கு வேணுமே, அதான் ஸ்கூலுக்கு வர்றதில்ல. நாலு மணிக்கு வந்துருவேன், சனிக்கிழமை மட்டும் மத்தியானமே. ராத்திரி தவமணி வீட்லதான் படுப்பேன். அம்மா என்ன மாரியாயி பெரியம்மாகிட்ட விட்டுட்டுத்தான் போனாங்க. பரிச்ச எழுதிட்டு வான்னு. மறுநாளே பெரியம்மாவுக்குக் காய்ச்சல் வந்து அவங்களையும் கூட்டிட்டுப் போயிட்டாங்க. அம்மாகிட்ட நான் சொல்லல. சொன்னா வந்து கூட்டிட்டுப் போயிருவாங்க."

"எங்க ஊட்டுக்கு வந்துடு. அருவங்காட்டுல இருந்து தினமும் என்கூடவே பஸ்ஸுல வரலாம்."

அவள் தலையாட்டினாள். "காம்பிராவ விட்றாதன்னு அம்மா சொல்லிட்டுப் போனாங்க டீச்சர். ஒரு வாசல் மட்டும் கோலம் இருந்தா வாச்சர் வந்து பாப்பாரு. அதான் எல்லா வாசலுக்கும் போட்டேன். விடியறதுக்குள்ள வந்து போட்டுட்டு வேலைக்குப் போயிருவேன்."

அவ்வளவுதான் மர்மம். நோட்டைத் தவமணி வைக்கிறாள், சொற்களைத் தவமணி எழுதிக்கொண்டு வருகிறாள், பெயருக்குக் குரல் கொடுப்பது தோழிகள். அம்மாக்கள் பெரட்டில் செய்வதை மகள்கள் என் வகுப்பில் செய்திருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. கண்ணீரும் வந்தது. எழுந்து புடவையைத் தட்டினேன். அப்போதுதான் பக்கத்து வாசல், ஒன்பதாவது, கண்ணில் பட்டது.

அங்கே சாக்பீஸ் இல்லை. அடுப்புச் சாம்பலால் இழுத்த நாலு கோடு. ஈரத்தில் இன்னும் கலையவில்லை.

"இது மட்டும் ஏன் சாம்பல்?"

ஜெயந்தி அந்தப் பக்கம் பார்க்கவில்லை. "அது நான் போடலைங்க டீச்சர். பெரியம்மா எப்பவும் சாம்பல்லதான் போடுவாங்க. மொத நாளு நான் போட வந்தப்பவே அது இருந்துச்சு. தெனமும் புதுசா இருக்கு."

"தவமணி போட்டிருப்பா."

"அவ இங்க ஏறி வரவே மாட்டா. பயம்."

"உனக்குப் பயமா இல்லையா?"

"பாத்திரம் கழுவற சத்தம் கேட்டா பயம் போயிருதுங்க டீச்சர்."

சிவப்பு மை

அடுத்த நாலு மாதம் நான் பொய் எழுதினேன். கூசாமல் எழுதினேன். தினமும் "ஜெயந்தி" என்று வாசித்தேன், "இருக்கா" என்று குரல் வந்தது, டிக் போட்டேன். ஒரு நாள் தலைமையாசிரியர் பதிவேட்டைப் புரட்டி, "இந்தப் பொண்ணு குடும்பம் போயிடுச்சுன்னாங்களே?" என்று கேட்டார். "பொண்ணு இருக்கா சார்" என்றேன். உண்மை டீச்சர் சொன்னால் யார் மறுப்பார்கள்?

சனிக்கிழமைகளில் மேலே போவேன். எட்டாவது வாசற்படியில் அவளும் நானும். வினைச்சொல்லின் காலங்கள், 'அன்டில்', 'சின்ஸ்', கடிதம் எழுதுவது, பத்தி எழுதுவது. 'அம்மா போனதிலிருந்து நான் காத்திருக்கிறேன்' என்று அவள் எழுதும்போது, கைடில் நூறு பக்கம் படித்தாலும் வராத இடத்துக்கு இலக்கணம் வந்து நிற்கும். சில நாள் பக்கத்துக் காம்பிராவில் அலுமினியத் தட்டு கல்லில் உரசுகிற சத்தம் கேட்டது. எலியாக இருக்கலாம். காற்றில் தகரம் அசைந்திருக்கலாம். நான் எழுந்து போய்ப் பார்க்கவில்லை. அவளும் பார்க்கவில்லை. பாடத்தை நிறுத்தாமல் நடத்தினோம்.

தை மாதத்தில் தவமணியே ஒரு நாள் என்னிடம் வந்தாள்.

"டீச்சர், மாரியாயி பெரியம்மா செத்துட்டாங்களாம். இப்பத்தான் தெரிஞ்சுது. கார்த்திகையிலயே, ஆஸ்பத்திரிக்குப் போன ரெண்டாம் நாளே. ஞாயித்துக்கிழமை."

ஜெயந்தியின் பெயருக்கு முதல் தடவை குரல் வந்தது அதற்கு மறுநாள். நான் கணக்குப் போடுவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்புறமெல்லாம் நாங்கதான் டீச்சர் மாத்தி மாத்திக் குரல் குடுத்தோம். மொத நாளு மட்டும் யாருன்னு தெரியல. கலான்னு நான் நெனச்சேன். கலா, நான்தான்னு நெனச்சிருக்கா. பெரட்டுல சொல்ற மாதிரி கேட்டுச்சே, அப்ப நாமும் சொல்லலாம்னுதான் நாங்க ஆரம்பிச்சோம்."

"தொண்டை கட்டின யாராவது இருக்கும், போ" என்றேன். என் குரலே எனக்கு நம்பிக்கையாக இல்லை.

கேட்டுக்கு வெளியே

ஹால் டிக்கெட் வந்துவிட்டது. தமிழ்ப் பரீட்சைகள் இரண்டும் நல்லபடியாக முடிந்தன. ஆங்கிலம் முதல் தாள் அன்று, பங்குனி மாதத்தில் அப்படி ஒரு பனியை நான் பார்த்ததில்லை. முந்தின நாள் மழை பெய்திருந்தது.

தன் பாடத்துக்கான பரீட்சை அன்று அந்த ஆசிரியருக்கு உள்ளே வேலை கிடையாது. நான் பள்ளி கேட்டுக்கு வெளியே அம்மாக்களோடு நின்றேன். தேர்வு நடத்த வெளியூரிலிருந்து வந்த அதிகாரி கண்டிப்பானவர். பெல் அடித்தால் பூட்டிவிடுவேன் என்று முதல் நாளே சொல்லியிருந்தார்.

தவமணி என்னைப் பார்த்ததும் ஓடி வந்தாள். "அவ கோலம் போட மேல போனா டீச்சர். நீ முன்னாடி போன்னா. இன்னும் வரல."

"பரீட்சை அன்னைக்கு என்ன கோலம்?"

"ஒரு நாள் விட்டா என்ன ஆயிடும்னு நானும் சொன்னேன். கேக்கல."

அவளை உள்ளே அனுப்பிவிட்டு மேல் பாதையைப் பார்த்தேன். பத்தடிக்கு மேல் எதுவும் தெரியவில்லை. பெல் அடித்தது. அதிகாரி பூட்டைக் கையில் எடுத்துக்கொண்டு பட்டியலைப் பார்த்தார்.

"இன்னும் ஒரு நம்பர் வரலை. ஜெயந்தி. ஜெயந்தி இருக்காங்களா?"

நாலு மாதமாகக் குரல் கொடுத்த பிள்ளைகள் எல்லாரும் உள்ளே உட்கார்ந்திருந்தார்கள். வெளியே ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. ஒரு பிள்ளையின் நாலு மாதக் கேரட் காடு, பன்னிரண்டு வாசல், நான் எழுதிய அத்தனை பொய்யும் அந்தப் பூட்டில் முடிந்துவிடும்.

"இருக்கா" என்றேன்.

சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற அம்மாவுக்கே கேட்டிருக்காது. ஆனால் அதிகாரி தலையைத் தூக்கினார். "எங்கே?" என்று என்னைப் பார்த்தார். நான் பாதையைக் காட்டினேன். பனியைத் தவிர அங்கே ஒன்றும் இல்லை. ஏனோ அவர் பூட்டாமல் நின்றார். ஒரு நிமிடம். இரண்டு நிமிடம் இருக்கலாம். பிறகு காலடிச் சத்தம் கேட்டது. முழங்கால் வரை சேறு, கையில் செருப்பு, வாயில் கவ்விய ஹால் டிக்கெட். ஜெயந்தி என்னைக் கடந்து உள்ளே ஓடினாள்.

அவள் எழுதினாள், தேறினாள், எங்கள் பள்ளியில் ஆங்கிலத்தில் முதலாவதாக வந்தாள். இப்போது திருப்பூரில் ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் வெளிநாட்டுக் கடிதங்களுக்குப் பதில் எழுதுகிறாள். பெருமையாக இருக்கிறது. இந்த முறை குதிரை கைடில் இல்லை.

நான் சொல்ல வந்தது அன்றைய மத்தியானம் நடந்தது. பரீட்சை முடிந்து வெளியே வந்தவள் நேரே என்னிடம் வந்தாள்.

"மேல் வளைவுல ரெண்டு காட்டெருமை பாதைய மறிச்சுட்டு நின்னுச்சுங்க டீச்சர். அசையவே இல்ல. அவ்வளவுதான், பரிச்ச போச்சுன்னு அழுதுட்டேன். அப்பத்தான் குரல் கேட்டுச்சு. 'இருக்கா'ன்னு. பக்கத்துலயே சொன்ன மாதிரி. ரெண்டும் காதத் தூக்கிக் கேட்டுட்டு, ஒதுங்கிச் செடிக்குள்ள போயிருச்சு. நான் ஒரே ஓட்டமா வந்துட்டேன்."

மேல் வளைவிலிருந்து பள்ளிக்கு, என்ன வேகத்தில் ஓடி வந்தாலும் பத்து நிமிடமாகும். நான் வாயைத் திறந்தது அவள் வருவதற்கு இரண்டு நிமிடம் முன்னால்.

"நீங்கதான டீச்சர் குரல் குடுத்தீங்க?"

அவள் முகத்தைப் பார்த்தேன். அவளுக்கும் அந்தக் கணக்கு தெரியும். பதிலுக்காகக் காத்திருந்தாள்.

"ஆமா" என்றேன். அவள் அதைப் பொய் என்று அடிக்கவில்லை.